வாசல் மிதியடிக்குக் கீழே: நெதர்லாந்தில் வரிசை வீடு வாங்குவோர் கவனத்திற்கு

"2004இல் கட்டிய வீடுதானே, இதற்குமா கட்டடப் பரிசோதகரை அழைக்க வேண்டும்?" வாங்குவோர் தரப்பு வீட்டு முகவராக நான் பணியாற்றிவரும் இத்தனை ஆண்டுகளில் மிக அதிகமாகக் கேட்ட கேள்வி இதுதான். கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. 1991இல் டச்சு அரசு வகுத்த வினெக்ஸ் எனும் வீட்டுவசதித் திட்டத்தின்கீழ் பெருநகரங்களின் ஓரத்தில் எழுந்த குடியிருப்புகள், எடுத்துக்காட்டாக உட்ரெக்டின் லைட்சே ரைன், அமர்ஸ்ஃபோர்ட்டின் வாட்ஹோர்ஸ்ட் போன்றவை, பார்த்த மாத்திரத்தில் மனதுக்குப் பிடித்துவிடுகின்றன. ஒரே சீரான செங்கல் முகப்பு, பின்புறம் சிறு தோட்டம், அதன் கோடியில் சைக்கிள் வைக்கும் மரக் கொட்டகை, பிள்ளைகள் தாமாகவே நடந்து போகக்கூடிய தூரத்தில் பள்ளி. உடல்நலத்துக்குக் கேடான கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) பயன்பாடு 1993இல் தடைசெய்யப்பட்ட பிறகு கட்டப்பட்டவை என்பதால் அந்த அச்சமும் இல்லை; பழைய நகர வீடுகளைப்போல மண்ணுக்குள் இறக்கிய மரத் தூண்கள் மேல் நில்லாமல் பெரும்பாலும் கான்கிரீட் தூண்கள் மேல் நிற்கின்றன. இவையெல்லாம் உண்மையான நற்கூறுகளே. ஆனால் அவை தரும் நம்பிக்கையில்தான், வாங்குவோர் ஒப்பந்தத்தில் தமக்குக் கிடைக்கக்கூடிய பாதுகாப்பைத் தாமே கைவிட்டுக் கையெழுத்திடுகிறார்கள். என் கவலை அதைப் பற்றியது.

வாங்குவோர் தாம் தரத் தயாரான தொகையைச் சொல்லி விலை கேட்கும் கட்டத்தில் இது தொடங்குகிறது. ஒரே வீட்டுக்குப் பலர் போட்டியிடும்போது, விற்பவர் தொகையை மட்டும் பார்ப்பதில்லை. எந்த நிபந்தனையும் இல்லாத விலைக்கேட்பு அவருக்கு நிம்மதி தருவதால் அதற்கே முன்னுரிமை தருகிறார். எனவே வாங்குவோர் இரண்டு நிபந்தனைகளை முதலில் விட்டுக்கொடுக்கிறார்கள். வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் ஒப்பந்தத்திலிருந்து விலகலாம் என்பது ஒன்று. கட்டடப் பரிசோதனையில் குறிப்பிட்ட தொகைக்குமேல் பழுது தெரியவந்தால் விலகலாம் என்பது மற்றொன்று. இவை இல்லாமல் கையெழுத்திட்டு, சட்டம் தரும் மூன்று நாள் அவகாசமும் கடந்த பிறகு பின்வாங்கினால், வழக்கமான ஒப்பந்தங்களின்படி வீட்டு விலையில் 10% தண்டமாகச் செலுத்த நேரிடும். 5,20,000 யூரோ வீட்டுக்கு அது 52,000 யூரோ. மாதச் சம்பளத்தில் வாழும் ஒரு குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பு அது.

கடன் நிபந்தனை ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். 2018 முதல் நெதர்லாந்தில் வங்கிகள் பொதுவாக வீட்டின் மதிப்பில் 100% வரைதான் கடன் தரலாம். எரிசக்திச் சேமிப்புப் பணிகளுக்கு மட்டும் அதற்குமேல் சிறிது இடமுண்டு. இங்கே மதிப்பு என்பது நீங்கள் கேட்ட விலையன்று, மதிப்பீட்டாளர் எழுதித் தரும் தொகை. நீங்கள் 5,20,000 என்று கேட்டு, மதிப்பீடு 4,95,000 என்று வந்தால், இடையிலுள்ள 25,000 யூரோவை உங்கள் கையிலிருந்து போட வேண்டும். விளம்பரத்தில் விலையை அடுத்து "k.k." என்று இரண்டே எழுத்தில் நிற்பது "கோஸ்டன் கோப்பர்", அதாவது உரிமை மாற்றச் செலவுகள் வாங்குபவரைச் சேர்ந்தவை. சொந்தமாகக் குடியிருக்க வாங்குவோருக்குச் சொத்து மாற்ற வரி 2%. மேற்சொன்ன வீட்டுக்கு 10,400 யூரோ. நோட்டரி (உரிமை மாற்றத்தை நடத்தித் தரும் சட்ட அலுவலர்), மதிப்பீட்டாளர், கடன் ஆலோசகர் ஆகியோருக்கான கட்டணங்கள் தனி.

35 வயது நிறையாதவர்களுக்கு, வாழ்நாளில் ஒருமுறை மட்டும், இந்த வரியிலிருந்து விலக்கு உண்டு. வீட்டின் மதிப்புக்கான உச்சவரம்பு ஆண்டுதோறும் மாறும். 2025இல் அது 5,25,000 யூரோவாக இருந்தது. கணவனுக்கு 36, மனைவிக்கு 33 என்றால் மனைவியின் பங்குக்கு மட்டுமே விலக்கு கிடைக்கும். வயது கணக்கிடப்படுவது நோட்டரி முன் உரிமை மாறும் நாளில் என்பதையும் பலர் கவனிப்பதில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாளுக்கும் உரிமை மாறும் நாளுக்கும் இடையில் 35ஆவது பிறந்தநாள் வந்துவிட்டால் விலக்கு போய்விடும். நாள் குறிக்கும்போதே இதைச் சொல்லி முன்னதாகக் கேட்டுப் பெறுங்கள்.

இனி வீட்டுக்குள் வருவோம். கௌடா நகருக்கு அருகில், ஓர் இளம் தம்பதிக்காக இருபது வயதுகூட ஆகாத ஒரு வரிசை வீட்டைப் பார்க்கச் சென்றிருந்தேன். சமையலறை புதியது, சுவர்கள் வெள்ளை வெளேரென்று இருந்தன, பின்தோட்டத்தில் சாம்பல் நிறக் கற்கள் ஒழுங்காகப் பதிக்கப்பட்டிருந்தன. ஆனால் தோட்டக் கதவைத் திறந்து கால் வைத்தபோது படி எதிர்பார்த்ததைவிடத் தாழ்வாக இருந்தது. கதவின் கீழ்விளிம்புக்கும் கற்களுக்கும் இடையே என் கையை நிமிர்த்தி வைக்கும் அளவுக்கு இடைவெளி. அந்தப் பகுதியின் நிலம் மக்கிய தாவரங்களால் ஆன மெத்தென்ற சதுப்பு மண். வீடு தூண்கள் மேல் நிற்பதால் அசையாது. சுற்றியுள்ள மண்ணோ ஆண்டுக்காண்டு இறங்கிக்கொண்டே இருக்கும். வீட்டோடு பிணைக்கப்பட்ட கழிவுநீர்க் குழாய் அப்படியே நிற்க, மண்ணில் புதைந்த பகுதி மண்ணோடு கீழே போகும். இரண்டும் சேரும் சுவரோரத்தில்தான் குழாய் விரியும் அல்லது ஒடியும்.

முன்வாசலுக்கு வந்து மிதியடியை நகர்த்தினேன். இத்தகைய வீடுகள் பெரும்பாலானவற்றில் அதன் கீழே ஒரு சதுர மூடி இருக்கும். அதைத் தூக்கினால் தரைக்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள, தவழ்ந்து போகக்கூடிய வெற்றிடம் தெரியும். மூடியைத் தூக்கியதும் மேலெழுந்த ஈரவாடையே பாதியைச் சொல்லிவிட்டது. கைவிளக்கின் ஒளியில் முகப்புச் சுவரோரம் தண்ணீர் மினுங்கியது. வீட்டில் குடியிருந்தவர் அதை மறைத்தார் என்று நான் கருதவில்லை. அவர் அந்த மூடியைத் திறந்தே பல ஆண்டுகள் ஆகியிருந்தன. டச்சுச் சட்டப்படி தனக்குத் தெரிந்த குறையைச் சொல்வது விற்பவரின் கடமை. கண்ணால் காணக்கூடியதை ஆராய்ந்து பார்ப்பது வாங்குபவரின் கடமை. யாரும் திறந்து பார்க்காத மூடி இந்த இரண்டு கடமைகளுக்கும் நடுவே கிடக்கிறது. பரிசோதனை நிபந்தனையை விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று அந்தத் தம்பதியரிடம் வற்புறுத்திச் சொன்னேன். அவர்கள் கேட்ட விலை மிக உயர்ந்ததாக இல்லாதபோதும், நிபந்தனையுடனேயே ஏற்கப்பட்டது.

பிற குறிப்புகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டின் எரிசக்தித் திறனைக் காட்டும் எரிசக்திச் சான்றின் தேதியைப் பாருங்கள்: 2021க்கு முந்தைய முறையில் உரிமையாளரே இணையத்தில் விவரங்களை நிரப்பிப் பெற்ற சான்றுகள் இருந்தன, அதற்குப் பிந்தையவை ஆய்வாளர் நேரில் வந்து அளந்தவை. லைட்சே ரைன் போன்ற இடங்களில் எரிவாயு இணைப்புக்குப் பதிலாக ஊர்ப்பொது வெந்நீர்க் குழாய் வழியே வெப்பம் வருகிறது. அதற்கு வேறு வழங்குநரைத் தேர்ந்தெடுக்க இயலாது, நிலைக் கட்டணமும் உண்டு. கூரையில் சூரியத் தகடுகள் இருந்தால் அவை சொந்தமானவையா வாடகைக்கு எடுத்தவையா என்று கேளுங்கள். வாகன நிறுத்தமோ பின்சந்தோ அண்டை வீட்டாருடன் கூட்டு உரிமையில் இருந்தால், பராமரிப்புச் செலவில் உங்களுக்கும் பங்கு வரும். நம் ஊரில் வில்லங்கச் சான்று பார்ப்பதுபோல, இதைக் காடாஸ்டர் எனும் நிலப்பதிவகத்தின் ஆவணத்தில் பார்க்கலாம். திரைச்சீலை, மரத்தரை, சமையலறைக் கருவி எவை வீட்டோடு இருக்கும், எவற்றை விற்பவர் எடுத்துச் செல்வார் என்பதற்குத் தனிப் பட்டியல் உண்டு. அதை வரி வரியாகப் படியுங்கள்.

இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் நகல் கைக்கு வந்த மறுநாளிலிருந்து, காரணம் எதுவும் சொல்லாமல் விலக வாங்குபவருக்கு மூன்று நாள் அவகாசம் உண்டு. அந்த நாள்களில் குறைந்தது இரண்டு வேலைநாள்களாக இருக்க வேண்டும். வியாழனன்று நகல் கிடைத்தால் திங்கள் நள்ளிரவு வரை காலம் இருக்கிறது. இந்த மூன்று நாளைக் கொண்டாட்டத்தில் கழிக்காமல் பரிசோதகரை வரவழைக்கப் பயன்படுத்துங்கள். முன்பே நாள் பேசி வைத்தால் முடியும். டச்சு மொழி போதுமான அளவு தெரியாதவர்கள் நோட்டரி அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளருக்கும் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும்.

கௌடா அருகிலிருந்த அந்த வீட்டைப் பரிசோதகர் ஆய்ந்து, குழாய் இணைப்பு ஒடிந்திருப்பதை உறுதிப்படுத்தினார். அறிக்கையை வைத்துப் பேசியதில், உரிமை மாறும் முன் தன் செலவில் பழுது பார்த்துத் தர விற்பவர் எழுத்தில் ஒப்புக்கொண்டார். நோட்டரியிடம் போகும் நாள் காலையில் வீட்டைக் கடைசியாக ஒருமுறை பார்க்க வாங்குபவருக்கு உரிமை உண்டு. மின்சார, தண்ணீர் அளவிகளின் எண்களைக் குறித்துக்கொண்ட பிறகு மூவரும் முன்வாசலில் மண்டியிட்டு அந்த மூடியைத் தூக்கினோம். மணல் ஈரமின்றி இருந்தது. சுவரோரத்தில், மண்ணோடு சேர்ந்து இறங்கக்கூடிய வளையும் இணைப்புடன் புதிய குழாய் தெரிந்தது.