"ரத்தத்திலேயே இருக்கு டாக்டர்"

போன மாதம் ஒரு அப்பா என் மேசை மேல் ஒரு வண்ணக் காகிதத்தை விரித்தார். மூன்றாம் வகுப்பு படிக்கும் மகனின் எச்சிலைக் கூரியரில் அனுப்பி வாங்கிய மரபணு அறிக்கை. 'ஆக்ரோஷம்' என்ற வரிக்கு நேராகச் சிவப்புப் பட்டை. "அப்படியே அவன் சித்தப்பா டாக்டர். ரத்தத்திலேயே இருக்கு. இப்ப ப்ரூஃபும் வந்தாச்சு" என்றார். பையன் மேசைக்காலை உதைத்துக்கொண்டிருந்தான். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

குழந்தை மனநல மருத்துவராக இந்த 'ரத்தத்திலேயே' என் காதில் அடிக்கடி விழும். கையில் காகிதத்தோடு வருவதுதான் புதிது. அப்போதெல்லாம் எனக்குக் குரங்குகள் ஞாபகம் வரும்.

ரீசஸ் குரங்குகள். வட இந்தியாவில் கோயில் படிகளிலும் ரயில் நிலையங்களிலும் திரிகின்றனவே, அவைதான். அமெரிக்காவின் மேரிலாந்தில் ஸ்டீபன் சுவோமி என்ற ஆய்வாளர் இவற்றைப் பல ஆண்டுகள் கவனித்தார். ஆண்களில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்து வரை சண்டைக்கோழிகள். விளையாட்டாகக் கட்டிப் புரள ஆரம்பிக்கும், நிஜக் கடியில் போய் முடியும். தன்னைவிடப் பெரிய ஆணிடம் வலியப் போய் மோதும். மர உச்சியிலிருந்து யோசிக்காமல் தாவும். மற்ற ஆண்கள் வயது வந்து தாய்க்கூட்டத்தை விட்டுக் கிளம்புவதற்கு வெகு முன்பே இவற்றைக் கூட்டமே துரத்திவிடும். வெளியே போய்ப் பிழைப்பவை கொஞ்சம்தான். இவற்றின் முதுகுத்தண்டு நீரில், செரட்டோனின் (நரம்பு செல்களுக்கு இடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள்) சிதைந்து உண்டாகும் பொருள் குறைவாக இருந்தது.

சரி, மரபணுவுக்கு வருவோம். வெளியே வந்த செரட்டோனினை நரம்பு செல்லுக்குள் திரும்ப இழுத்துக்கொள்ள ஒரு புரதம் உண்டு. அதற்கான மரபணுவின் முன்பகுதி சில குரங்குகளில் நீளம், சிலவற்றில் 21 டிஎன்ஏ எழுத்து குட்டை. குட்டை வடிவம் புரதத்தைக் குறைவாகவே தயாரிக்கும். அப்படியானால் குட்டை வடிவக் குரங்குகள்தானே சண்டைக்காரர்கள்?

2002இல் வெளியான முடிவை இங்கேதான் நிதானமாகப் படிக்க வேண்டும். தாயிடம் வளர்ந்த குட்டிகளில், நீளமோ குட்டையோ, முதுகுத்தண்டு நீரில் வித்தியாசம் தெரியவில்லை. பிறந்ததுமே தாயிடமிருந்து பிரித்து, சம வயதுக் குட்டிகளோடு மட்டும் வளர்த்தவற்றில்தான் தெரிந்தது. அங்கே குட்டை வடிவம் உள்ளவற்றுக்கு அந்தப் பொருள் குறைந்திருந்தது. அப்படி வளரும் குட்டிகள் ஒன்றையொன்று இறுகக் கட்டிக்கொண்டே கிடக்கும், விளையாட்டுகூட மறந்துபோகும். சுவோமியின் ஆய்வுக்கூடத்துக் குரங்கு ஆய்வுகளை முடித்துக்கொள்வதாக 2015இல் அறிவித்தார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை.

குழந்தையை க்ரெஷில் விட்டு வேலைக்குப் போகும் அம்மாக்கள் இதைப் படித்துக் கலங்க வேண்டாம். சாயங்காலம் வந்து தூக்கிக்கொள்ளும் அம்மா வேறு, பிறந்த நாளிலிருந்து அம்மாவே இல்லாதது வேறு.

மரபணுவுக்கு வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. புவேர்ட்டோ ரிக்கோவை ஒட்டிய காயோ சாண்டியாகோ தீவில், 1938இல் இந்தியாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுபோன சுமார் 400 ரீசஸ் குரங்குகளின் வம்சம் இன்றும் இருக்கிறது. யாருக்கு யார் பேன் பார்க்கிறார்கள் என்று குறித்துவைத்து, அதை வம்சாவளியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அந்த உறவு வலையில் ஒரு குரங்குக்கு வாய்க்கும் இடத்தில் ஒரு பங்கு பரம்பரையாக வருகிறது என்று 2013இல் எழுதினார்கள். ஒரு பங்கு மட்டும்.

மனிதர்களில் கதை இன்னும் கெட்டது. இதே மரபணுவின் குட்டை வடிவம் இருந்து, வாழ்க்கையில் அடியும் பட்டால் மனச்சோர்வு வரும் என்று 2003இல் நியூசிலாந்து ஆய்வு ஒன்று சொன்னபோது உலகமே பேசியது. 2019இல் லட்சக்கணக்கானவர்களின் தரவை வைத்து, இது உட்பட 18 பிரபல மரபணுக்களைச் சோதித்தார்கள். மனச்சோர்வு விஷயத்தில் எதுவும் தேறவில்லை. அதற்கப்புறமும் ஒன்றிரண்டு மரபணுவைப் பார்த்துக் குழந்தையின் சுபாவம் சொல்கிறோம் என்று யாராவது காசு கேட்டால், கொடுக்காதீர்கள். குறிப்பிட்ட நோய்க்காக மருத்துவர் எழுதித்தரும் மரபணுப் பரிசோதனை வேறு விஷயம். அதைத் தவிர்க்கக் கூடாது.

அறிக்கையை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, பையன் எங்கே வளர்ந்தான் என்று கேட்டேன். ஐந்து வயது வரை ஊரில் பாட்டியிடம். ஸ்கூல் சேர்க்க ஒரே நாளில் இங்கே கூட்டிவந்துவிட்டார்கள். அடிதடி எப்போது ஆரம்பித்தது?

அப்பா யோசித்தார். பையன் உதைப்பதை நிறுத்திவிட்டு, "பாட்டி போன்ல கூட பேசறதில்ல" என்றான்.

அடுத்த முறை வரும்போது பாட்டியையும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன்.