நூல் விளையாட்டுக்கு ஒரு பருவம் உண்டு

ஏப்ரல் மாதம். ஏழாம் வகுப்பு. வெள்ளைப் பருத்தி நூலை ஆளுக்கு ஆறடியாக வெட்டி, முனைகளை முடிச்சிட்டு, வளையங்களாக மேசைமேல் அடுக்கி வைத்திருந்தேன். அன்றைய பாடம் அல்காரிதம், அதாவது ஒரு வேலையைப் படிப்படியாகச் சொல்லும் செய்முறை. அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோ மக்களிடம் இரு கை விரல்களிலும் நூலை மாட்டி, இழுத்து, தளர்த்தி, நட்சத்திரக் கூட்டம், ஆந்தை, ஓடும் நரிகள், குடிசை என்று உருவங்கள் எடுக்கும் பழைய விளையாட்டு ஒன்று உண்டு. எந்த விரல், எந்த வளையம், மேலாகவா கீழாகவா என்பது வரிசை பிசகாமல் நடக்க வேண்டும். ஒரு படி தப்பினால் கடைசியில் இழுக்கும்போது எல்லாம் அவிழ்ந்து வெறும் நூலாகிவிடும். அல்காரிதம் கற்பிக்க இதைவிட நல்ல வழி ஏது என்று நினைத்திருந்தேன்.

யாரும் நூலைத் தொடவில்லை. எப்போதும் சலசலக்கிற வகுப்பு அது. ஒரு சிறுமி மட்டும் கைகளை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். என்னுடன் பணிபுரிந்த துணை ஆசிரியை அறுபது வயதைக் கடந்தவர். பிள்ளைகள் அவரை ‘ஷிமாசானி’ என்றே அழைப்பார்கள், அம்மாவைப் பெற்ற பாட்டி என்று பொருள். அவர் என் அருகில் வந்து தணிந்த குரலில் சொன்னார்: “இடி இடித்துவிட்டது, டீச்சர். சிலந்தி விழித்துக்கொண்டது. இனி பனிக்காலம் வரும்வரை இதை எடுக்கமாட்டோம்.”

தமிழ்நாட்டிலிருந்து ஆசிரியர் விசாவில் நவஹோ நிலத்துக்கு வந்து அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது. அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர் தினே. அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா என்று மூன்று மாநிலங்களில் பரந்து கிடக்கும் அவர்கள் நிலத்தில் சூரியனும் செம்மண்ணும் தாராளம், இணைய இணைப்புதான் அரிது. மின்சாரமே எட்டாத வீடுகள் இன்றும் ஆயிரக்கணக்கில் உள்ளன. கணினி இல்லாமலே கணினியியல் நடத்த வேண்டிய கட்டாயத்தில்தான் நூலைத் தேடிப் போனேன். நூல் உருவங்கள் சிலந்திப் பெண் மனிதருக்குக் கற்றுத் தந்தவை என்பதும், சிலந்தியும் பாம்பும் உறங்கும் குளிர்காலத்தில் மட்டுமே அவற்றை எடுக்கலாம் என்பதும் நான் படித்ததில் இருந்தன. அந்தப் பத்தியைச் சுவையான தகவல் என்று கடந்து வந்துவிட்டேன். நிபந்தனையைத் தகவலாகப் படித்ததுதான் என் பிழை. நிரல் எழுதத் தெரிந்தவர் செய்யக்கூடாத பிழையும் அதுதான்.

இந்தத் துறையில் ‘பண்பாட்டுக்கு இசைந்த கற்பித்தல்’ என்ற சொற்றொடர் அன்றாடம் புழங்குகிறது. 1995-இல் அதை முன்வைத்த அமெரிக்கக் கல்வியாளர் குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ் மூன்று விஷயங்களைக் கேட்டார்: பிள்ளை பாடத்தில் உண்மையாகவே தேற வேண்டும், தன் பண்பாட்டில் காலூன்றி நிற்க வேண்டும், தன் சமூகத்தின் மீதுள்ள அநீதியைக் கேள்வி கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். நான் பார்த்த பாடத்திட்டங்களில் பெரும்பாலானவை நடுவிலுள்ளதை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. அதிலும் ஆடை அலங்காரத்தை மட்டும். நிரல் எழுதும் பயிற்சியில் பூனைப் படம் இருந்த இடத்தில் இறகுப் படம், அவ்வளவுதான். நிரல் மாறுவதில்லை, கேள்வி மாறுவதில்லை. என் ஏப்ரல் பாடமும் அந்த ரகம்தான்.

வேறு விதமாகவும் செய்யலாம் என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று மணிக்கோவைத் தறி. ரான் எக்லாஷ் என்ற ஆய்வாளர் ஐடஹோ மாநிலத்துப் பழங்குடியினரான ஷோஷோன்-பானாக் மக்களோடு சேர்ந்து, மணிகளை வரிசை வரிசையாகக் கோக்கும் அவர்களது தறியைக் கணினித் திரையில் உருவாக்கினார். மணித்தறியில் ஒவ்வொரு மணிக்கும் ஒரு வரிசை, ஒரு நெடுவரிசை உண்டு. கணக்கு ஆசிரியர் கரும்பலகையில் வரையும் ஆயத்தளமேதான். முதல் பதிப்பில் முக்கோணம் வரைய வழக்கமான கணினி வரைகலை முறையைப் பயன்படுத்தினார்கள். வந்த முக்கோணத்தின் ஓரம் பல் பல்லாகக் கோணியிருந்தது. அந்த மக்களின் பழைய மணிவேலையிலோ ஓரங்கள் சீரானவை. கைவினைஞர்கள் வரிசைக்கு இத்தனை மணி என்று ஏற்றியும் இறக்கியும் போகிறவர்கள். அவர்களுடையது படிப்படியான மறுசெய்கை. மென்பொருள்தான் திருத்தப்பட்டது. அவர்கள் முறையில் முக்கோணம் போடும் புதிய கருவி அதில் சேர்ந்தது. மூதாதையர் அறிவு பாடத்துக்கு அழகு சேர்க்க வரவில்லை, பாடத்திலிருந்த பிழையைச் சுட்டிக்காட்ட வந்தது. இரண்டும் ஒன்றல்ல.

அலாஸ்காவின் வடகோடியில் காக்டோவிக் என்ற சிற்றூரில் 1994-இல் நடந்ததும் இப்படித்தான். அங்குள்ள பழங்குடியினரின் இன்யுபியாக் மொழியில் எண்ணிக்கை இருபதின் அடுக்கு, இடையில் ஐந்தின் அடுக்கு. பத்தின் அடுக்கில் எண்ணும் வழக்கமான, பத்தடிமான இலக்கங்களில் அதை எழுதத் திணறிய பள்ளிப் பிள்ளைகள் தங்களுக்கென்று இருபது குறிகளை உருவாக்கிக்கொண்டார்கள். கோடுகளாலான அந்தக் குறிகளில் பல கழித்தல் கணக்குகளைக் கோடுகளை எடுத்துவிட்டே செய்துவிடலாம். 2022-இல் அவை கணினி எழுத்துகளின் உலகப் பொதுப் பட்டியலான யூனிக்கோடில் இடம்பெற்றன. அடிமானம் மாற்றுவதைப் பற்றி நான் ஆண்டுதோறும் எடுக்கும் பாடத்தில் 0, 1 மட்டுமே கொண்ட இருமத்துக்கு முன்பே இப்போது இருபதடிமானம் வருகிறது. பிள்ளைகள் எழுதிய எண்முறை என்றதும் பிள்ளைகளின் முதுகு நிமிர்கிறது.

எங்கள் பகுதிக்கே உரிய ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். அரிசோனா மாநிலம் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவதில்லை. நவஹோ நிலம் தள்ளும். நவஹோ நிலத்துக்கு நடுவே தீவு போலிருக்கும், ஹோப்பி என்ற இன்னொரு பழங்குடியினரின் நிலம் தள்ளாது. ஒரே சாலையில் காரில் போகும்போது நேரம் முன்னும் பின்னும் குதிக்கும். கணினிகள் பயன்படுத்தும் நேர மண்டலப் பட்டியலில் ‘அமெரிக்கா/ஷிப்ராக்’ என்று ஒரு பெயரே இருக்கிறது. ஒன்றுக்குள் ஒன்றாக வரும் நிபந்தனைக் கூற்றுகளை என்னைவிட என் மாணவர்கள் நன்றாக விளக்குவார்கள். பல் மருத்துவர் சந்திப்பைத் தவறவிட்டுப் பழகியவர்கள்.

அதே ஷிப்ராக் நவஹோ நிலத்தில், நியூ மெக்சிகோ பக்கம் இருக்கும் ஊர். அந்த ஊரின் கதையைச் சொல்லாமல் இங்கே கணினி வரலாறு நடத்தக்கூடாது என்பது என் கட்சி. 1965-இல் ஃபேர்சைல்ட் செமிகண்டக்டர் நிறுவனம் அங்கே மின்னணுச் சில்லுகளைப் பொருத்தும் வேலையைத் தொடங்கியது. உச்சத்தில் ஆயிரம் பேருக்கு மேல் வேலை செய்தார்கள், பெரும்பாலோர் தினே பெண்கள். 1969-இல் புதிய ஆலை திறந்தபோது வெளியிட்ட சிற்றேட்டில் நவஹோ கம்பளத்தின் கோலத்தையும் சில்லின் உட்கோலத்தையும் ஒப்பிட்டுக் காட்டினார்கள். நெசவு இவர்கள் கையில் ஊறியது, ஆகவே சில்லு வேலையும் இவர்களுக்கு இயல்பாக வரும் என்பது வாதம். தறியில் அமரும் தினே பெண் முன்கூட்டி வரைந்த படம் இல்லாமல் முழுக் கம்பளத்தையும் மனதில் வைத்து, கீழிருந்து மேலாக, இழை எண்ணி நெய்கிறாள். மேல்பாதி கீழ்பாதியோடு பொருந்த வேண்டும். அகலமான கம்பளத்தில் ஒரு பகுதியைக் கொஞ்சம் உயர்த்திவிட்டு அடுத்த பகுதிக்கு நகர்ந்து அமர்வாள். அந்த இணைப்பில் சாய்வாக ஒரு மெல்லிய கோடு தெரியும். அதற்கு வெளியார் வைத்த பெயர் ‘சோம்பேறிக் கோடு’. பெரிய வேலையைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் செய்வதற்கு நம் துறையில் மரியாதையான பெயர் இருக்கிறது. வடிவமைப்பாளரின் மூளை இது. நிறுவனம் புகழ்ந்ததோ விரல்களை. சில்லை வடிவமைக்கும் வேலை வேறிடத்தில் நடந்தது. 1975 தொடக்கத்தில் ஆட்குறைப்பைத் தொடர்ந்து பழங்குடியினரின் உரிமைக்காகப் போராடிய ‘அமெரிக்க இந்திய இயக்க’த்தினர் ஆலையைச் சில நாட்கள் தம் வசம் வைத்திருந்தார்கள். அதன்பின் நிறுவனம் ஆலையை மூடிவிட்டுப் போய்விட்டது.

அந்தச் சிற்றேட்டுக் கதையைச் சொல்லிவிட்டு, 1994-இல் இன்டெல் நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில் தினே நெசவாளரும் கணித ஆசிரியருமான மாரிலூ ஷுல்ட்ஸ் பென்டியம் சில்லைக் கம்பளமாக நெய்த படத்தைக் காட்டினேன். பின்வரிசையில் ஒரு பையன், சாதாரணமாக வாய் திறக்காதவன், கேட்டான்: “அதை நெய்தவர் அவர். சில்லை வரைந்தவர்களில் எங்கள் ஆட்கள் யாராவது இருந்தார்களா?” அந்த ஆண்டின் சிறந்த கணினியியல் கேள்வி என் கணக்கில் அதுதான்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையின் ரகசியச் செய்திகளைத் தம் மொழியின் வழியே பரிமாறிய தினே சங்கேதப் பேச்சாளர்களைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஆகவே வகுப்பில் உதவிய ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1942-இல் 29 தினே வீரர்கள் தொடங்கிய சங்கேதம் வெறும் தாய்மொழிப் பேச்சு அல்ல. டாங்கிக்கு ஆமை, போர் விமானத்துக்குத் தேன்சிட்டு. ஆங்கில எழுத்துகளுக்கும் சொற்கள். பின்னால் ‘ஏ’ என்ற ஒரே எழுத்துக்கு எறும்பு, ஆப்பிள், கோடரி என்று மூன்று தினே சொற்கள் வந்தன. எந்த எழுத்து அடிக்கடி வருகிறது என்று எண்ணிச் சங்கேதத்தை உடைப்பதைத் தடுக்கும் ஏற்பாடு அது. தினே மொழி அறிந்தவருக்கும் சாவி இல்லாமல் புரியாது. இந்த மொழியைப் பேசியதற்காகத்தான் அவர்களில் பலரைப் பள்ளி விடுதிகளில் தண்டித்தார்கள். இதைச் சொல்லும்போது ஆசிரியர் குரலை உயர்த்தத் தேவையில்லை, பிள்ளைகளின் வீட்டிலேயே அந்தக் கதை இருக்கிறது.

சக ஆசிரியர்களும் பாட மென்பொருள் எழுதுகிறவர்களும் என்னிடம் கேட்பது, எங்கிருந்து தொடங்குவது என்று. இணையத்திலிருந்து தொடங்காதீர்கள் என்பேன். ஊரில் அந்த அறிவை வைத்திருப்பவரிடம் போய், சொல்லித் தருவீர்களா என்பதற்கு முன்பே, இதைப் பள்ளியில் சொல்லலாமா என்று கேளுங்கள். ‘கூடாது’ என்ற பதிலுக்கும் தயாராகப் போங்கள். சடங்குக்காக வரையும் மணல் ஓவியத்தைத் திரையில் போட ஒரு மாணவி ஆசைப்பட்டாள். ஷிமாசானி வேண்டாம் என்றார். சடங்கு முடிந்ததும் அந்த ஓவியம் கலைக்கப்பட்டாக வேண்டும், அது தங்குவதற்கென்று வரைவது அல்ல. எல்லாவற்றையும் சேமித்து நகல் எடுத்து வைப்பதையே நல்லொழுக்கமாகக் கற்பிக்கும் எனக்கு அது உறைத்தது. அழிவதற்கென்றே உருவாக்கப்பட்ட தரவும் உலகில் உண்டு. அவளும் நானும் அந்த வாரம் தரவை நீக்குவது பற்றிப் படித்தோம்.

இன்னொன்று, பதிவு யாருக்குச் சொந்தம் என்பது. நியூசிலாந்தில் தே ஹிக்கு மீடியா என்ற மாவோரி வானொலி அமைப்பு, பேச்சறி மென்பொருளுக்காகத் தன் மக்களிடமிருந்து பத்தே நாளில் 300 மணி நேரத்துக்கும் மேற்பட்ட குரல் பதிவைத் திரட்டியது. அதைப் பெரிய நிறுவனங்களுக்குத் தூக்கிக் கொடுக்க மறுத்து, காவல் பொறுப்பை வலியுறுத்தும் தனி உரிமம் எழுதிக்கொண்டது. ஒரு பாட்டியின் குரலைத் திறன்பேசியில் பதிவு செய்யும் ஆசிரியரும் சிறிய அளவில் அதே கேள்வியின் முன்தான் நிற்கிறார். நான் பதிவு செய்வதில்லை. பிள்ளைகள் கேட்டு, நினைவில் வைத்து, மறுநாள் எழுதுகிறார்கள்.

நூல் பாடத்தை டிசம்பருக்குத் தள்ளினேன். வெளியே பனி. இம்முறை கற்பித்தவர் ஷிமாசானி, நான் மாணவர் பெஞ்சில். அவர் படிகளைச் சொல்லவில்லை. கையைக் காட்டினார், நிறுத்தினார், திரும்பக் காட்டினார். பல நட்சத்திரங்கள் என்ற உருவம் எனக்கு ஆறாவது முயற்சியில்தான் வந்தது. அதன்பிறகே பிள்ளைகள் படிகளை எழுதினார்கள். எழுதியதைப் பக்கத்து மாணவர் பார்த்துச் செய்ய, பாதிப் பேருக்கு நூல் அவிழ்ந்துவிட்டது. ‘சுண்டுவிரலால் எடு’ என்று எழுதியிருந்தார்கள், எந்தப் பக்கத்திலிருந்து என்று எழுதவில்லை. ஏப்ரலில் மேசைக்கு அடியில் கையை இழுத்துக்கொண்ட சிறுமி தன் தாளில் முதல் வரியாக வேறொன்று சேர்த்திருந்தாள்: “குளிர்காலம் என்றால் தொடங்கு. இல்லையென்றால் நிறுத்து.”

மார்ச் மூன்றாம் வாரம், மதிய உணவு நேரத்தில் முதல் இடி கேட்டது. நான் வகுப்புக்குத் திரும்பியபோது நூல் வளையங்கள் எல்லாம் டப்பாவுக்குள் இருந்தன, மூடியும் போட்டிருந்தது.