கோல் புரோகிராமிங்: நிரலாக்கமா, திட்டமிடலா?

கோல் புரோகிராமிங் என்ற பெயரைத் தமிழாக்கச் சொன்னால் பலரும் யோசிக்காமல் 'இலக்கு நிரலாக்கம்' என்று எழுதிவிடுவார்கள். பல இலக்குகளை ஒரே நேரத்தில் எட்டப் பார்க்கும்போது, அவற்றிலிருந்து விலகுவதைக் கூடியவரை குறைக்கும் கணித முறை இது. கணினிக்கு நிரல் எழுதுவதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பே இல்லை. சின்னக் கணக்கென்றால் தாளும் பென்சிலும் போதும்.

குழப்பம் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. கிரேக்க மொழியில் 'புரோகிராம்மா' என்றால் எல்லோரும் பார்க்கும்படி எழுதி வைத்த அறிவிப்பு. 1940களில் அமெரிக்க விமானப் படையில் ஆட்களையும் தளவாடங்களையும் பயிற்சிகளையும் ஒழுங்குபடுத்திப் போடும் திட்டத்தைப் 'புரோகிராம்' என்றார்கள். அங்கே இருந்த கணிதவியலாளர் ஜார்ஜ் டான்ட்சிக், 1947இல் இப்படிப்பட்ட திட்டங்களைச் சமன்பாடுகளாக்கித் தீர்க்கும் வழியைக் கண்டார். அதற்கு 'லீனியர் புரோகிராமிங்' என்ற பெயரைச் சொன்னவர் பொருளியலாளர் கூப்மன்ஸ். ஆக, இங்கே புரோகிராமிங் என்றால் திட்டமிடல். அந்தப் பொருளில் 'நேரியல் திட்டமிடல்' என்ற சொல் தமிழில் ஏற்கெனவே இருப்பதால், 'இலக்குத் திட்டமிடல்' என்பதே பொருத்தம்.

சரி, 'கோல்' எதற்கு? நேரியல் திட்டமிடலில் ஒரே ஒரு குறிக்கோள் சார்பு இருக்கும்: லாபத்தைக் கூட்டு, அல்லது செலவைக் குறை. குறிக்கோள் திசையை மட்டும்தான் சொல்கிறது. அந்தத் திசையில் எவ்வளவு தூரம் என்று ஓர் எண்ணையும் சேர்த்துவிட்டால் அது இலக்கு. இரண்டையும் ஒரே சொல்போலப் புழங்குகிறோம். இந்தத் துறையில் அப்படிப் புழங்க முடியாது.

இந்த எண்ணத்தை 1955இல் முன்வைத்தவர்கள் சார்ன்ஸ், கூப்பர், ஃபெர்குசன் என்ற மூன்று ஆய்வாளர்கள். எடுத்துக்கொண்ட கணக்கு நிறுவன அதிகாரிகளின் சம்பளத்தை நிர்ணயிப்பது! பெயர் வந்தது 1961இல், சார்ன்ஸும் கூப்பரும் எழுதிய நூலில். வளர்ச்சி, காடு, கரியுமிழ்வு என்றெல்லாம் இது பயன்பட்டது அப்புறம்தான்.

உள்ளே நடப்பது இதுதான். ஒவ்வோர் இலக்குக்கும் இரண்டு விலகல்கள் உண்டு: எட்டாமல் விட்டது 'குறை', தாண்டிப் போனது 'மிகை'. கிடைத்த அளவோடு குறையைக் கூட்டி மிகையைக் கழித்தால் இலக்கு வர வேண்டும். எந்த விலகல் வேண்டாதது என்பது இலக்கைப் பொறுத்தது: வேலைவாய்ப்பில் குறை கெட்டது, புகையில் மிகை கெட்டது. வேண்டாத விலகல்களைச் சிறிதாக்கும் திட்டம் எதுவோ, அதுதான் விடை. பழந்தமிழில் 'பிழைத்தல்' என்றால் குறி தவறுதல். இந்த முறையே பிழையைக் கணக்கில் எடுத்துக்கொண்டு நடப்பதுதான்.

வளங்களைத் தீர்த்துவிடாமல் வளரும் நிலைத்த வளர்ச்சிக்கு ('சஸ்டெய்னபிள் டெவலப்மென்ட்') இது ஏன் ஒத்துவருகிறது என்பது இங்கே தெரியும். வருமானம், வேலை, நீர், காற்று எல்லாம் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போகாது. ஓர் உதாரணம்: புதுப்பிக்கத்தக்க ஆற்றலின் பங்கு 50 சதவீதம் வேண்டும், கிடைத்தது 42, குறை 8. உமிழ்வு 100 டன்னுக்குள் நிற்க வேண்டும், வந்தது 120, மிகை 20. சதவீதத்தையும் டன்னையும் அப்படியே கூட்ட முடியாது. ஒவ்வொன்றையும் அதனதன் இலக்கால் வகுத்தால் 16 சதவீதம், 20 சதவீதம் என்று ஒரே அளவுக்கு வரும். இந்த விலகல்களின் தொகையே ஒரு குறியீட்டெண்ணாகிவிடுகிறது; அளப்பதும் திட்டமிடுவதும் ஒரே கணக்கில் முடிகின்றன.

எப்படித் தொகுப்பது என்பதில்தான் சண்டையே. ஒவ்வொரு விலகலுக்கும் அதன் முக்கியத்துவத்துக்கேற்ற எடை போட்டுக் கூட்டினால், வருமானத்தில் நன்றாகச் செய்துவிட்டு, காடு அழிந்த இழப்பை ஈடுகட்டிவிடலாம். இயற்கைக்குப் பணம் ஈடாகும் என்று நம்புபவர்களுக்கு அது சரி. பொருளியலில் அதை மென்மையான நிலைத்தன்மை என்பார்கள். ஈடாகாது என்பவர்கள், இருப்பதிலேயே மோசமான விலகலைக் குறைக்கும் முறையை எடுக்கலாம். மேலே உள்ள கணக்கில் அந்த 20 சதவீதத்தை. அல்லது இலக்குகளை வரிசைப்படுத்தி, முதலாவதில் விட்டுக்கொடுக்காமல் அடுத்ததற்குப் போகலாம். எடைகளைக் கணிதம் கண்டுபிடித்துத் தந்ததுபோல எழுதும் கட்டுரைகளை நான் நம்புவதில்லை. அவை யாரோ ஒருவரின் முடிவுகள்.

'சஸ்டெய்னபிள்' என்பதற்குத் தமிழில் நிலையான, நீடித்த, நிலைபேறான, பேண்தகு, வளங்குன்றா என்று ஒரு பெருங்கூட்டமே உண்டு. லத்தீன் மூலத்தில் கீழிருந்து தாங்குதல் என்று பொருள். 1713இல் ஜெர்மனியின் சாக்சனியில் சுரங்க நிர்வாகி கார்லோவிட்ஸ், மரம் தீராதபடி வெட்டுவதைப் பற்றி எழுதியபோது மனத்தில் வைத்திருந்த பொருளுக்கு 'வளங்குன்றா' மிக நெருக்கம். என் ஓட்டு அதற்கே.

இன்னொரு சிக்கல். நிலைத்த வளர்ச்சிக்கென ஐ.நா. 2015இல் ஏற்றவை 17 'கோல்'கள், அவற்றுக்குள் 169 'டார்கெட்'கள். தமிழில் இரண்டும் இலக்கு! பின்னதை 'உள்ளிலக்கு' என்றால் பிழைக்கலாம். திட்டமிடல் கணக்குக்கு வேண்டிய எண் அங்கேதான் கிடைக்கும், அதுவும் எல்லாவற்றிலும் இல்லை. பேறுகால இறப்பு லட்சம் பிறப்புகளுக்கு 70க்குக் கீழே வர வேண்டும் என்று உள்ளிலக்கு 3.1 தெளிவாகச் சொல்கிறது. 7.2 புதுப்பிக்கத்தக்க ஆற்றலின் பங்கைக் 'கணிசமாக' உயர்த்தச் சொல்வதோடு நின்றுவிடுகிறது. கணிசம் என்றால் எத்தனை சதவீதம்? கணித மாதிரியை அமைப்பவர்தான் ஓர் எண் போட வேண்டும். அதைத் தாழ்வாகப் போட்டால் குறை பூச்சியமாகிவிடும். இதைவிட நல்ல திட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் கணக்கு அங்கேயே நின்றுவிடும்.