ரீத், மலர்வளையம், உலர்மலர் வளையம்

'ரீத்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் 'மலர்வளையம்' என்ற பெயர் நெடுநாளாக நிலைத்திருக்கிறது. ஆயினும் 'மலர்வளையம் வைத்து அஞ்சலி செலுத்தினார்' என்று நாளேடுகளில் படித்துப் பழகியவர்களுக்கு, உலர்ந்த பூக்களால் வீட்டிலேயே செய்து வாசற்கதவில் மாட்டும் அழகுப்பொருளையும் அதே பெயரால் அழைக்க மனம் ஒப்புவதில்லை.

முறுக்குதல், சுற்றுதல் என்னும் பொருளுடைய பழைய ஆங்கில வினையிலிருந்து பிறந்த சொல் 'ரீத்'. வலியால் உடல் முறுகி நெளிவதைக் குறிக்கும் 'ரைத்' என்னும் ஆங்கிலச் சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததே. ஆகவே மூலப்பொருளில் பூவுக்கு இடமே இல்லை. பண்டைய ஒலிம்பியாவில் வென்றோர் சூடியது காட்டு ஒலிவக் கிளையை வளைத்துச் செய்த வளையம். 1839இல் ஹாம்பர்க் நகரில் யோகான் ஹின்ரிச் விக்கர்ன் என்னும் இறைப்பணியாளர் மெழுகுவத்திகள் பொருத்தி அமைத்த திருவருகைக்கால (கிறிஸ்துமசுக்கு முந்தைய வாரங்களுக்கான) வளையமோ மரச்சக்கரத்தாலானது. அதே வேளையில் உலர்பூ வளையம் நேற்றைய புதுமையும் அன்று: எகிப்தின் ஹவாராவில் ஆங்கிலேயத் தொல்லியலாளர் பிளிண்டர்ஸ் பெட்ரி 1888இல் தொடங்கிய அகழாய்வில், உரோமர் காலக் கல்லறைகளிலிருந்து உலர்ந்த மலர்வளையங்கள் கிடைத்தன.

மேலை நாடுகளில் இதை வீட்டில் செய்வோர் திராட்சைக் கொடியையோ வில்லோ மரத்தின் மெல்லிய மிலாற்றையோ பச்சையாக இருக்கும்போதே வளைத்து, ஒன்றன்மேல் ஒன்று முறுக்கிச் சட்டமாக்குகிறார்கள். பூக்களை முழுவதும் விரியுமுன் கொய்து, இலைகளைக் களைந்து, வெளிச்சம் குறைந்த, காற்றோட்டமான இடத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டால் இரண்டு மூன்று வாரங்களில் காம்பு சட்டென்று ஒடியும் பதம் வந்துவிடும். பிறகு சிறு கொத்துகளாக்கி, முந்தைய கொத்தின் காம்பை அடுத்த கொத்தின் தலை மறைக்கும்படி ஒரே திசையில் அடுக்கி, மெல்லிய கம்பியை அறுக்காமல் தொடர்ந்து சுற்றிக் கட்ட வேண்டும். நமக்குத் தெரிந்த வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் இதற்கு மிக ஏற்றவை. வாடாமல்லியில் நாம் பூவிதழ் என்று கருதுவது காகிதம் போன்ற பூவடிச் செதில்களையே. பறிக்கும்போதே அவற்றில் ஈரம் குறைவு என்பதால் நிறமும் வடிவும் எளிதில் கெடுவதில்லை.

இனித் தமிழ்ப் பெயர். 'மாலை' பொருந்தாது, மாலை நூலில் துவள்வது, இதுவோ விறைத்த சட்டத்தில் நிற்பது. பழந்தமிழில் தலையில் சூடுவது கண்ணி, மார்பில் அணிவது தார். 'கண்ணி கார்நறுங் கொன்றை' என்று தொடங்கும் புறநானூற்றுக் கடவுள் வாழ்த்து அவ்விரண்டையும் பிரித்தே சொல்கிறது. வடிவத்தால் நெருங்கி வருவது கண்ணிதான் என்றாலும், இன்று அச்சொல்லைக் கேட்டதும் பறவை பிடிக்கும் பொறியும் கண்ணிவெடியுமே நினைவுக்கு வருகின்றன. தழையும் பூவும் கலந்து தொடுத்ததைக் குறிக்கும் 'படலை' எனக்கு மிகப் பிடித்த சொல். ஆனால் யாழ்ப்பாணத்தில் படலை என்றால் வளவின் வாயிற்கதவு, அங்கே 'படலையில் படலை மாட்டினேன்' என்று யாரும் சொல்லப்போவதில்லை. 'வாடாமாலை' என்று சிலர் ஆசைப்படலாம். ஆனால் புறநானூற்றில் 'வாடா மாலை' என்பது பாடினிக்குப் பரிசாகக் கிடைத்த பொன்மாலை.

ஆக, வளைத்து முறுக்கியது என்னும் மூலப்பொருளுக்கு 'வளை' என்னும் வினையடியாகப் பிறந்த 'வளையம்' குறைவின்றிப் பொருந்துகிறது. அஞ்சலிக்குரிய மலர்வளையத்திலிருந்து பிரித்துக் காட்ட ஓர் அடைமொழி இருந்தால் போதும். 'காய்ந்த பூ' என்பது குப்பையில் போடுவதைப் போல ஒலிப்பதால், எழுத்தில் 'உலர்மலர் வளையம்' என்பதையே பரிந்துரைப்பேன். பூவின்றி இலையும் சுள்ளியும் மட்டும் கொண்டு கட்டியதாயின் 'வாசல் வளையம்' என்றும், ஊசியிலைக் கிளைகளால் திசம்பரில் செய்வதைக் 'கிறிஸ்துமஸ் வளையம்' என்றும் எழுதலாம்.