அமுக்குவது பேயுமில்லை, புளியமரமுமில்லை

போன மாதம் நூற்பாலை விடுதி ஒன்றிலிருந்து பத்தொன்பது வயதுப் பெண்ணை அழைத்து வந்தார்கள். மணிக்கட்டில் மந்திரித்த கயிறு, கழுத்தில் இரண்டு தாயத்து. "புள்ளைக்கு ராத்திரியில அமுக்குதுங்க டாக்டர். கண்ணு முழிச்சுத்தான் இருக்குதாம், கத்த முடியலையாம். நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்துக்கறாங்கங்குது" என்றார் அம்மா. அறைத்தோழிகள் பயந்துபோய் வேறு அறைக்கு மாறிவிட்டார்கள். ஒருத்தி கணக்கை முடித்துக்கொண்டு ஊருக்கே கிளம்பிவிட்டாளாம். பேய் ஓட்டுகிறேன் என்று ஒருவர் அந்தப் பெண்ணை வெள்ளிக்கிழமைதோறும் விடிய விடிய விழித்திருக்க வைத்திருக்கிறார். எப்போதாவது வந்துகொண்டிருந்தது அதன் பிறகு அனேகமாகத் தினமும் வர ஆரம்பித்துவிட்டது.

வராமல் என்ன செய்யும்? அவளுக்கு ஒரு வாரம் பகல் ஷிப்ட், மறு வாரம் அரைநைட், அதற்கடுத்த வாரம் முழுநைட். ஏற்கெனவே நொந்து கிடந்த தூக்கத்தில் மிச்சமிருந்ததையும் பிடுங்கியிருக்கிறார்கள். இப்படி ஒவ்வொரு மாதமும் யாராவது வருகிறார்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

இதற்கு ஸ்லீப் பராலிசிஸ் என்று பெயர். நம் ஊரில் அமுக்குவான் பேய் என்கிறார்கள். கனவு காணும் உறக்கத்தை 1953-இல் சிகாகோ ஆய்வாளர்கள் தனியாகப் பிரித்துக் காட்டினார்கள். அந்த உறக்கத்தின்போது, கனவில் ஓடுவதை நாம் படுக்கையிலும் ஓடிவிடாமல் இருக்க, மூளைத்தண்டு உடம்பின் தசைகளைக் கட்டிப்போட்டு வைக்கும். விழிகளுக்கும் மூச்சை இழுக்கும் உதரவிதானத்துக்கும் மட்டும் விலக்கு. கட்டு அவிழ்வதற்குள் விழிப்பு வந்துவிட்டால், முழித்துக்கொண்டே அசைய முடியாமல் கிடப்போம். கனவின் மிச்சமும் கூடவே ஓடும். சில விநாடிகள், மிஞ்சிப்போனால் ஓரிரு நிமிடங்கள். தானாக விலகிவிடும். உயிருக்கு ஆபத்தில்லை.

பேய் என்று சொல்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம் குறைவு. அவர்கள் பொய் சொல்லவில்லை. கதவோரம் கறுப்பாக ஓர் உருவம் நிற்பதும், அது நெருங்கி வந்து நெஞ்சில் ஏறுவதும் அவர்கள் நிஜமாகவே கண்டவை. தலையணைக்கு அடியில் இரும்புத்துண்டோ, தலைமாட்டில் துடைப்பமோ வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறீர்களா? வைத்துக்கொள்ளுங்கள். தூக்கத்தைக் கெடுக்காத எதையும் நான் கழற்றச் சொல்வதில்லை.

கோபமெல்லாம் அறிவியல் பேசுகிறோம் என்று அரைகுறையாக விளக்குகிறவர்கள்மேல்தான். "புளியமரத்தடியில் படுத்தால் பேய் அமுக்கும் என்று பெரியவர்கள் சொன்னதில் விஞ்ஞானம் இருக்கிறது. ராத்திரியில் மரம் கரியமில வாயுவை விடும், மூச்சு முட்டும், அதைத்தான் பேய் என்றார்கள்." வாட்ஸ்அப்பில் வருகிறது, மேடையில் பேசுகிறார்கள், வாத்தியார்கள் வகுப்பில் சொல்கிறார்கள். முழுக்கத் தவறு. வெளிக்காற்றில் கரியமில வாயு ஏறக்குறைய 0.04 சதவீதம். நாம் விடும் மூச்சில் அது 4 சதவீதத்தை ஒட்டி இருக்கும். ஒரு மரம் இரவில் விடுவதைத் திறந்தவெளிக் காற்று அவ்வப்போதே கலைத்துவிடும். கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஏசி போட்டு நாலு பேர் படுக்கும் அறையில் சேர்வது அதைவிட எவ்வளவோ அதிகம். அதனாலும் யாருக்கும் கை கால் கட்டிப்போவதில்லை. உடம்பில் கரியமில வாயு ஏறினால் மூச்சு வேகமெடுக்கும், தூக்கம் கலையும், எழுந்து உட்கார்ந்துவிடுவோம். மரக்கட்டை மாதிரிக் கிடக்க மாட்டோம்.

இன்னும் சந்தேகமா? கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மீனவக் கிராமங்களில் கிழவி ஒருத்தி வந்து நெஞ்சில் உட்காருகிறாள் என்பார்கள். ஜப்பானிலும் ராத்திரியில் கட்டுண்டு கிடப்பதாகச் சொல்வதுண்டு. அந்தப் பனியில் எந்தப் புளியமரம் இருக்கிறது? என்னிடம் வருகிற பிள்ளைகளில் பலர் விடுதியின் மூன்றாம் மாடியில் படுக்கிறவர்கள். நெஞ்சு அழுந்துவதற்குக் காரணம் வேறு. உதரவிதானம் தன் போக்கில் வேலை செய்துகொண்டிருக்கும், விலாத் தசைகளோ தளர்ந்து கிடக்கும். பயத்தில் நாம் ஆழமாக மூச்சிழுக்கப் பார்ப்போம், உடம்பு கேட்காது. அந்தத் தவிப்புதான் பாரமாகத் தெரிகிறது.

மரத்தின்மேல் பழியைப் போட்டவர் அதோடு நிம்மதியாகிவிடுகிறார். இரவு ஒரு மணி வரை கைப்பேசி, காலையில் அரக்கப்பரக்க எழுந்திருப்பது, ஷிப்ட் மாற்றம், பரீட்சைக்கு விடிய விடியப் படிப்பது, மல்லாந்து படுப்பது என்று உண்மையில் மாற்ற வேண்டியவற்றை யாரும் தொடுவதே இல்லை. 2011-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, பொதுமக்களில் நூற்றுக்குச் சுமார் 8 பேர் வாழ்நாளில் ஒருமுறையாவது இதை அனுபவித்திருக்கிறார்கள். மாணவர்களில் அது 28 பேர். தூக்கம் கெடுகிற இடத்தில்தான் இது அதிகம்.

இளம் மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை. உருவம் தெரிகிறது என்றதும் மனச்சிதைவுக்கான மாத்திரையை எழுதிவிடாதீர்கள். "எப்போது தெரிகிறது?" என்று கேளுங்கள். தூங்கப்போகும்போதும் விழிக்கும்போதும் மட்டும்தான், பகலில் எதுவும் இல்லை என்றால் அது வேறு கணக்கு. அப்படியே பகல் தூக்கத்தைப் பற்றியும் கேளுங்கள். பாடத்தின் நடுவே, சாப்பிடும்போது, வண்டி ஓட்டும்போது தூக்கம் அள்ளிக்கொண்டு போகிறதா? வாய்விட்டுச் சிரிக்கும்போது முழங்கால் மடங்குகிறதா? அப்படியானால் நார்கோலெப்சி என்னும் தூக்க நோயாக இருக்கலாம். தூக்கப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். அந்தப் பிள்ளைகளைச் சோம்பேறி என்று திட்டியே வருடங்களை வீணாக்கிவிடுகிறோம். பெருங்குறட்டையும் நடுவில் மூச்சு நின்று நின்று வருவதும் இருந்தால் அதற்கும் பரிசோதனை வேண்டும்.

வந்துவிட்டால் என்ன செய்வது? முண்டாதீர்கள். முண்டினால் பயம்தான் கூடும். ஒரே ஒரு விரல் நுனியை, கால் கட்டைவிரலாக இருந்தாலும் சரி, அசைக்கப் பாருங்கள். கண்ணை இடவலமாக உருட்டுங்கள். மூச்சை அதன் போக்கில் விடுங்கள். பக்கத்தில் படுத்திருப்பவர் தொட்டு எழுப்பினாலே பெரும்பாலும் விலகிவிடும். முனகல் கேட்டால் எழுப்பும்படி முன்கூட்டியே சொல்லி வையுங்கள். விலகியதும் அப்படியே கண்ணை மூடாதீர்கள், உடனே மறுபடியும் வரும். விளக்கைப் போட்டு, எழுந்து முகம் கழுவி, ஒருக்களித்துப் படுங்கள். தூக்கத்தில் மல்லாந்துவிடுகிறீர்கள் என்றால் பனியனின் முதுகுப்புறத்தில் ஒரு ரப்பர் பந்தை வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமையானாலும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள். தூக்கம் வரட்டும் என்று குடிக்காதீர்கள். மனச்சோர்வு மாத்திரை எடுப்பவர்கள் தாங்களாகவே திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், கனவுத்தூக்கம் திமிறிக்கொண்டு வரும். அடிக்கடி வந்து வாட்டினால் மருந்தும் உண்டு. அதை மருத்துவர் தரட்டும், கடைக்காரர் வேண்டாம்.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாதவை இரண்டு. காலையில் எழும்போது கை கால் சோர்ந்து, மணிக்கணக்கில் எழுந்திருக்கவே முடியவில்லை என்றால் ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருக்கலாம். கல்யாணப் பந்தியில் சோறும் இனிப்பும் ஒரு பிடி பிடித்த மறுநாள் காலையில் இப்படி வருகிறவர்கள் உண்டு. ஒரு பக்கம் மட்டும் விழுந்துவிட்டாலோ, வாய் கோணினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். இரண்டுக்குமே காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

விடுதிக் காப்பாளர்களையும் ஆலை மேலாளர்களையும் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். அப்படி ஒரு பெண் வந்து சொன்னால் அறையைப் பூட்டாதீர்கள், வதந்தியை வளர்க்காதீர்கள், ஊருக்கு அனுப்பிவிடாதீர்கள். கொஞ்ச நாளைக்கு ஒரே ஷிப்டில் போடுங்கள். முழுநைட் முடித்து வந்து பகலில் தூங்குகிறவர்களுக்கு ஜன்னலில் கனமான திரை போட்டுக் கொடுங்கள். அவர்கள் தூங்கும் நேரத்தில் ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள்.