காய் பணம் வரும் வரை பொறுங்கள்

போன ஆனியில் ஒரு அண்ணன் லேப்டாப்போடு வந்தார். வீடு போடியில், ஏலத்தோட்டம் மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கியில். முதலீட்டைப் பிரிக்க மகன் ஒரு புரோகிராம் எழுதித் தந்திருக்கிறான். "தம்பி, போன மாசம் வாங்கச் சொன்னதை இந்த மாசம் விக்கச் சொல்லுது" என்றார்.

புரோகிராமில் தப்பில்லை. 1952-ல் ஹாரி மார்க்கோவிட்ஸ் எழுதிய கணக்குதான் அது. எதிர்பார்க்கும் வருமானம், ஏற்ற இறக்கம், ஒன்று விழும்போது மற்றது என்ன செய்கிறது என்ற மூன்றையும் வைத்துப் பணத்தைப் பிரிக்கும். ஆனால் எதிர்பார்ப்பு கொஞ்சம் அசைந்தாலும் விடை தாவிவிடும். ஒரு மியூச்சுவல் ஃபண்டுக்கு எதிர்பார்க்கும் வருமானம் 12 சதவீதம் என்றிருந்ததை 13 ஆக்கிக் காட்டினேன். மொத்தப் பணத்தில் அதற்கு ஒதுக்கியது 15-லிருந்து 40 சதவீதத்துக்குப் போனது.

மாற்றுவதற்கு ஆகும் செலவும் அதில் இல்லை. 8 லட்சத்துக்கு வாங்கிய பங்கு ஃபண்டு 11 மாதத்தில் 10 லட்சம் ஆகியிருந்தது. அன்றே விற்றால் வெளியேறும் கட்டணம் 1 சதவீதம், 10,000 ரூபாய். மீதி லாபம் 1,90,000-க்கு 20 சதவீத வரி, 38,000. ஒரு வருஷம் தாண்டினால் கட்டணம் கிடையாது. வேறு லாபம் இல்லையென்றால் 1.25 லட்சம் போக மிச்சத்துக்கு 12.5 சதவீதம், 9,375 ரூபாயோடு முடியும். வரிமேல் போடும் செஸ் தனி. ஒரு மாதப் பொறுமைக்கு 38,000 ரூபாய்க்கு மேல் மிச்சம்!

அதனால் கணக்கை இன்றைக்கு மட்டும் போடாமல் அடுத்த சில வருஷங்களுக்கும் சேர்த்துப் போடச் சொன்னேன். வரி, கட்டணம் இரண்டையும் வருமானத்தில் கழிக்க வேண்டும். ஒரு ஃபண்டின் விகிதம் இலக்கிலிருந்து 5 சதவீதம் விலகும் வரை கை வைக்கக் கூடாது. அப்படிப் போட்ட திட்டத்தில் முதல் படியை மட்டும் செய்துவிட்டு, அடுத்த முறை புது விவரத்தோடு மறுபடி போட வேண்டும்.

அந்த லேப்டாப்பில் இல்லாத பெரிய முதலீடு தோட்டம். 2019 ஆகஸ்டில் இடுக்கி புற்றடியில் ஏலம் விட்டபோது கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட ஏலக்காய், 2021 கடைசியில் ஆயிரத்துக்கும் கீழே கிடந்தது. அந்த வருஷமும் உரம், மருந்து, ஜீப் வாடகை, கூலி எதுவும் நிற்கவில்லை. நஷ்டத்தில் ஃபண்டை விற்றுக் கூலி கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், வயிறு எரியும். இரண்டு வருஷத் தோட்டச் செலவை, அவசரத்துக்குச் சீக்கிரம் எடுக்கக்கூடிய லிக்விட் ஃபண்டில் வைத்தே ஆக வேண்டும் என்பதைக் கணக்கில் கட்டாய நிபந்தனையாகச் சேர்த்தோம்.

அண்ணன் எதையும் விற்கவில்லை. ஆவணியில் முதல் எடுப்புக் காய்க்குப் பணம் வந்ததும், குறைவாக இருந்த கடன் பத்திர ஃபண்டில் போட்டார். பங்கின் விகிதம் தானாக இறங்கியது, வரி ஒரு ரூபாய்கூட ஆகவில்லை.