கல்லு மாதிரி காத்தடிக்காதீங்க

இந்த மழைக்காலத்தில் வழுக்கி விழுந்து வந்த மூன்றாவது சைக்கிள் இது. சைக்ளோகிராஸ் சைக்கிள், அதாவது சேறு, மண் பந்தயத்துக்கான வண்டி. அதை என் கடைக்குத் தள்ளிக்கொண்டு வந்தவர் அப்பா. ஓட்டிய பையன் காறை எலும்பு உடைந்து வீட்டில் படுத்திருக்கிறான். ஈ.சி.ஆரில் காலை ஆறு மணி, ராத்திரி பெய்த மழை, ரோட்டு வெள்ளைக் கோட்டின் மேல் ஒரு திருப்பம். அவ்வளவுதான். "டயர் புதுசுங்க. பட்டன் ஒண்ணுகூடத் தேயல. எப்படி வழுக்குச்சு?" என்றார். காற்றழுத்தம் அளக்கும் கேஜை வைத்துப் பார்த்தேன். முன் டயரில் 74 பிஎஸ்ஐ (டயர் காற்றழுத்தத்தின் அளவு). டயர் அகலம் 33 மில்லிமீட்டர், பையன் எடை 58 கிலோ.

"பக்கத்துல 75-னுதானே போட்டிருக்கு?"

போட்டிருக்கிறது. முன்னாலேயே 'மேக்ஸ்', அதாவது உச்சம், என்றும் போட்டிருக்கிறது, அதை யாரும் படிப்பதில்லை. லிஃப்டில் '8 பேர்' என்று எழுதியிருந்தால், எட்டுப் பேர் சேரட்டும் என்று வாசலில் நிற்கிறோமா?

ஈர வெள்ளைக் கோடு எவரையும் தள்ளிவிடும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மேலே ரப்பர் குமிழ்கள் துருத்திய பட்டன் டயர் கல்லாக உப்பினால், ரோட்டைத் தொடுவதே நாலைந்து பட்டன் நுனிகளால்தான். அந்த நுனிகளை நம்பி வண்டியைச் சாய்த்தால் வேறென்ன நடக்கும்?

"கல்லு மாதிரி இருந்தாதாண்ணா ஸ்பீடு." இந்த ஒரு வசனத்தை வாரம் பத்துத் தடவை கேட்கிறேன். 1880-களின் கடைசியில் பெல்ஃபாஸ்டில் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், மகனின் மூன்று சக்கர வண்டி கல்ரோட்டில் தடதடக்கிறதே என்றுதான் காற்று டயரைச் செய்தார். அந்தத் தடதடப்பைத்தான் நாம் காசு கொடுத்துத் திரும்ப வாங்குகிறோம். மழமழவென்ற பந்தயத் தளத்தில் கெட்டி டயர் வேகம்தான். நம் ரோட்டில் டயர் அமுங்க மறுத்தால், ஒவ்வொரு ஜல்லிக்கும் வண்டியும் ஆளும் சேர்ந்து எகிற வேண்டும். எகிறுவதற்கான சக்தி உங்கள் தொடையிலிருந்துதான் போகிறது. கை விறுவிறுக்க, ஹேண்டில்பார் அதிர, மூளை அதை வேகம் என்று எடுத்துக்கொள்கிறது.

நம்பாதவர்களைக் கடைக்குப் பக்கத்துச் சந்தில் ஓட்டச் சொல்வேன். குழாய் போடத் தோண்டி ஜல்லி கொட்டி மூடிய சந்து. போன மாதம் ஐ.டி. தம்பி ஒருவர் 75-இல் போய்த் திரும்பியபோது மூக்குக்கண்ணாடி மூக்கின் நுனிக்கு வந்திருந்தது. 42-க்கு இறக்கி அனுப்பினேன். பாதியிலேயே இறங்கி டயரை அமுக்கிப் பார்த்தார். "அண்ணா, பஞ்சர் போல." பஞ்சர் இல்லை தம்பி, இப்போதுதான் டயர் வேலை செய்கிறது.

அப்படியானால் எவ்வளவு? டியூப் போட்ட 33 டயர், ஓட்டுபவர் 65 கிலோ, தார் ரோடு என்றால் முன்னால் 42, பின்னால் 46-இல் ஆரம்பியுங்கள். மழை நாளில் ஐந்தைக் குறையுங்கள். செம்பரம்பாக்கம் ஏரிக்கரை மாதிரி மண்பாதைக்கு முன் 32, பின் 35. டியூப்லெஸ் என்றால் அதிலும் நாலைந்து குறைக்கலாம். உடம்பு எடை ஐந்து கிலோ கூடினால் இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூட்டுங்கள். பாரம் பின்னால்தான் அதிகம் என்பதால் முன் டயரில் எப்போதும் கொஞ்சம் குறைவு. கல்லில் ஏறும்போது ரிம் 'டங்' என்றால் ரொம்ப இறக்கிவிட்டீர்கள், இரண்டு கூட்டுங்கள். அதைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால் டியூபில் பல் பதிந்த மாதிரி அருகருகே இரண்டு கீறல் விழும். 'ஆணி குத்திருச்சு' என்று வருகிற டியூப்களில் இப்படி ரிம் கடித்தவையும் நிறைய.

பெல்ஜியத்தில் கோக்சைட மணல்மேட்டில் பந்தயம் ஓட்டுகிறவர்கள் 20-க்கும் கீழே இறக்குகிறார்கள். அது ரிம்மில் பசை போட்டு ஒட்டும் ட்யூபுலர் டயர். டியூப் டயரில் அதைச் செய்து பார்த்துவிட்டு பெசன்ட் நகர் மணலிலிருந்து எனக்கு போன் போடாதீர்கள்.

அடுத்தது பட்டன். மழைக்குப் பட்டன் டயர் என்பது சேற்றுக்குச் சரி, ஈரத் தாருக்கு இல்லை. கார் டயர் அகலம், வேகமும் அதிகம், தண்ணீரை ஒதுக்க வரிகள் வேண்டும். சைக்கிள் டயர் குறுகலானது, நாம் போகிற வேகத்தில் அது தண்ணீரின் மேல் மிதக்காது. தாரில் ரப்பர் எவ்வளவு ஒட்டுகிறதோ அவ்வளவுதான் பிடிமானம். முக்கால்வாசி ஓட்டம் ஓ.எம்.ஆர்., ஈ.சி.ஆர். என்றால் நடுவில் அரம் மாதிரி நுண்வரியும் ஓரத்தில் சின்னப் பட்டனும் உள்ள டயரை வாங்குங்கள். உயரப் பட்டன் சென்னையில் வருஷத்துக்குச் சில வாரம்தான் உதவும். 33-க்கு மேல் அகலம் கூடாது என்பது உலக சைக்கிள் சங்கமான யூ.சி.ஐ.யின் பந்தய விதி, உங்கள் டயரை யாரும் அளக்க வரப்போவதில்லை. ஃபோர்க்கிலும் பின்பக்கமும் இருபுறமும் ஐந்தாறு மில்லிமீட்டர் இடைவெளி மிஞ்சுமானால் 35, 38 தாராளமாகப் போடலாம். காற்றழுத்தத்தை இன்னும் குறைக்கலாம், இடுப்பு வாழ்த்தும்.

பெட்ரோல் பங்க் பக்கம் போகவே போகாதீர்கள். கார் டயருக்கான கம்ப்ரசர் இந்தச் சின்ன டயரைக் கண் இமைப்பதற்குள் நிரப்பிவிடும். இந்த சைக்கிள்களில் இருக்கும் மெல்லிய பிரெஸ்டா வால்வில் அந்தத் தலையை வைத்து அழுத்தி ஊசியை வளைத்துக்கொண்டு வருகிறவர்களைத் திட்டித் திட்டி எனக்குத் தொண்டை போய்விட்டது. கொக்கியில்லாத ரிம் (டயர் ஓரத்தைப் பிடிக்கும் வளைவு இல்லாதது) வைத்திருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று: அதற்கு உச்சம் 5 பார், அதாவது சுமார் 72 பிஎஸ்ஐ. டயரில் 75 என்றிருந்தாலும் ரிம் சொல்வதுதான் கணக்கு. 75 அடித்து மே மாத வெயிலில் மூடிய காருக்குள் வைத்தால் அது 80-ஐத் தாண்டும், டயர் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளலாம். டியூப்லெஸ் டயருக்குள் ஓட்டையை அடைக்க ஊற்றும் திரவம் நம் ஊர்ச் சூட்டில் சீக்கிரம் காய்ந்துவிடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்.

கட்டைவிரலால் அமுக்கி 40-ஐயும் 60-ஐயும் பிரித்துச் சொல்ல என்னாலேயே முடியாது, இருபது வருஷமாக இதே வேலை. பம்ப்பில் இருக்கிற 160 வரை போகும் முள்ளும் 30, 40 பக்கம் உளறும். தயவுசெய்து ஒரு டிஜிட்டல் கேஜ் வாங்குங்கள். உங்களுக்கு ஒத்துவந்த எண்ணை ஒரு டேப்பில் எழுதி பம்ப்பில் ஒட்டுங்கள்.

அந்தப் பையனுக்கும் ஒட்டிக் கொடுத்தேன்: முன் 38, பின் 42, மழையில் ஐந்து குறைவு. அப்பா படித்துவிட்டு, "இவ்வளவு கம்மியாவா?" என்றார். ஜல்லி கொட்டிய அந்தச் சந்தைக் காட்டினேன். ஐம்பத்தைந்து வயதில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.